கட்டே தளம்: நெய்யாற்றின்கரைக் கடலோரமும் அதன் கட்டுமரமும்

பூவாற்றில் பொழி திறந்து நெய்யாறு கடலைச் சேர்கிறது. அங்கிருந்து தென்கிழக்கே பொழியூர், தெற்குக் கொல்லங்கோடு என நீளும் நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடலோரம், நீரோடியில் தமிழ்நாட்டைத் தொடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மாநில எல்லை மணலின் குறுக்கே விழுந்தது. ஆயினும் அதன் இருபுறமும் கரையேற்றிக் கிடந்த மரக்கலம் ஒன்றுதான். தமிழில் அது கட்டுமரம், மலையாளத்தில் கட்டமரம்.

இக்கலம் இங்கே நிலைபெற்றதற்குக் கரையின் இயல்பே காரணம். கொல்லத்துக்கு வடக்கே மரத்தைக் குடைந்து செய்த வள்ளங்களே பெருவழக்காக இருந்தன. திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயோ கரை சரிவானது. அலை மணலை ஒட்டியே உடையும். விழிஞ்ஞம் போன்ற சில இடங்களை விட்டால் கலம் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் அரிது. குழிந்த வயிறுடைய வள்ளம் உடையும் அலையில் நீர் நிரம்பித் தத்தளிக்கும். வயிறே இல்லாத கலத்தில் அலை நிரப்புவதற்கு இடமில்லை. மரங்களின் இடுக்கு வழியே ஏறிய நீர், அதே இடுக்கு வழியே இறங்கிவிடும்.

எடை குறைந்த மரத்தண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, அருகருகே அடுக்கி, இரு முனைகளிலும் தென்னைநார்க் கயிற்றால் இறுக்கியதே கட்டுமரம். ஆணியும் தாழும் அதில் இல்லை. கயிறு வழுக்காதிருக்க மரத்தில் வெட்டு இடுவார்கள். தென்னைநார் உப்புநீரில் எளிதில் அழுகாது. இழுத்தால் சற்று நீண்டு கொடுக்கும். அலை தாக்கும்போது தண்டுகள் ஒன்றோடொன்று சிறிது அசைந்து, அந்த அடியை வாங்கிக்கொண்டன. ஆணியால் இறுகிய கலமாயின் அந்த அடி மூட்டையே பிளந்திருக்கும். கட்டுமரம் என்ற சொல்லில் ‘கட்டு’ முன்னால் நிற்பது பொருத்தமே.

உள்ளறை இல்லாத கலத்தில் பொருள்களை எங்கே வைப்பது? இவ்வினாவுக்கான விடையில்தான் கட்டுமரக்காரரின் தொழில்நுட்பம் அடங்கியிருக்கிறது. வலை, தூண்டில் கயிறு, இரை, கத்தி, நங்கூரக் கல், குடிநீர், சோறு, பாய், உதிரித் துடுப்பு ஆகிய அனைத்தும் திறந்த மரத்தின் மீதே இருந்தாக வேண்டும். கட்டப்படாத பொருள் முதல் அலையிலேயே போய்விடும். அளவுக்கு மீறி இறுகக் கட்டிய பொருளோ வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. எடை ஒருபுறம் சாய்ந்தால் கலமும் சாயும். எனவே எதை நடுவில் வைப்பது, எதைக் கையெட்டும் தொலைவில் வைப்பது, எந்த முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும் என்பவை கரையிலேயே தீர்மானிக்கப்பட்டன. பிடித்த மீனுக்கும் இதே விதிதான்: பையிலோ பெட்டியிலோ இட்டு மரத்தோடு பிணைத்தாக வேண்டும்.

உலகின் மறுகோடியில் கிரீன்லாந்தின் இன்யூட் மக்களும் இதே வினாவை எதிர்கொண்டனர். அவர்களது கயாக் தோலால் மூடிய கலம். அதன் மேல்தளத்தின் குறுக்கே கடல்நாய்த் தோலால் ஆன வார்கள் ஓடின. அவ்வார்களை எலும்பிலும் தந்தத்திலும் செய்த சிறு துண்டுகளால் இறுக்கினர். எறியீட்டி கைக்கருகே செருகப்பட்டது. அதன் கயிற்றுச் சுருள் முன்னால் ஒரு தாங்கியில் இருந்தது. காற்றடைத்த தோல் மிதவை முதுகுக்குப் பின்னால் கிடந்தது. இன்றைய கடல் கயாக்கின் மேல்தள ரப்பர் கயிறுகள் அந்த வார்களின் வழித்தோன்றல்களே. மேலே அமர்ந்து செலுத்தும் கயாக்குகளில் நீர் வடிவதற்குத் துளைகள் இடப்படுகின்றன. கட்டுமரத்தில் அந்தப் பணியை மரங்களின் இடுக்குகள் என்றோ செய்துவிட்டன. ஒரு மரபு மற்றொன்றைப் பார்த்துக் கற்றதற்குச் சான்று வேண்டியதில்லை. ஒரே இடர் இரு கடல்களிலும் ஒத்த விடையைத் தந்திருக்கிறது.

கட்டுமரத்தின் மீது இடம்பெறாத கருவி ஒன்று உண்டு: திசைகாட்டி. இக்கரையின் மீனவர் கடலடிப் பார்களைக் கண்டறிந்தது கணிச்சம் என்னும் முறையால். கரையிலுள்ள கோயில், தேவாலயம், தென்னை போன்ற அடையாளங்களைப் பின்னே தெரியும் மலைமுகடுகளோடு நேர்க்கோட்டில் நிறுத்தி, அத்தகைய இரு கோடுகள் வெட்டும் புள்ளியில் தூண்டிலை இறக்குவார்கள். 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை முதலான சிகரங்கள் கடலோடிக்கு எல்லைக்கற்களாயின. அந்த நேர்க்கோடுகளுக்கு மாநில எல்லை தெரியாது.

கட்டுமரத்தின் பாதி கடலில் இருந்தது என்றால், மறுபாதி மணலில் இருந்தது. ஊறிய மரம் கனக்கும், மிதப்பு குறையும். ஆகவே கரையேறியதும் கட்டை அவிழ்த்து, தண்டுகளைத் தனித்தனியே வெயிலில் உலரவிட்டு, அடுத்த முறை புறப்படும்போது மீண்டும் கட்டுவார்கள். நைந்த கயிறு அப்போது கண்ணில் படும். சிறுவன் ஒருவன் கலம் கட்டக் கற்றதும் இந்த மணலில்தான். அன்றாட வேலையே பயிற்சியாகவும் சோதனையாகவும் அமைந்திருந்தது.

சோழமண்டலக் கரையில் இக்கலத்தைக் கண்ட வில்லியம் டாம்பியர் தம் 1697ஆம் ஆண்டுப் பயணநூலில் அதைக் குறிப்பிட்டார். சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல், 1920இல் வெளியான ஆய்வில் இந்தியக் கலங்களை வகைப்படுத்தினார். இதற்கிடையே சொல் தன் பொருளை விட்டுப் பிரிந்துவிட்டது. 1876இல் அமெரிக்கர் நதானியல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகைக் கட்டினார். அவ்வகைப் படகே இன்று உலகெங்கும் ‘கட்டமரான்’ எனப்படுகிறது. அதில் கட்டும் இல்லை, மரமும் பெரும்பாலும் இல்லை.

கலத்தின் வீழ்ச்சி மரத்தட்டுப்பாட்டில் தொடங்கியது. நீரோடிக்குத் தென்கிழக்கே முட்டத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகுத்தளத்தோடு பணியாற்றிய பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே, ஒட்டுப்பலகையால் கடற்கரைப் படகுகளை உருவாக்க முயன்றார். அம்முயற்சியின் வெற்றியையும் வேதனையையும் 1985இல் நூலாக எழுதினார். 1980களில் வெளிப்பொருத்து எந்திரம் பரவியது. கண்ணாடியிழைப் படகு வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்ட படகுகள் அதன் பரவலை விரைவுபடுத்தின. எந்திரம் தொலைவைத் தந்தது, கூடுதல் மீனைத் தந்தது, தோள்வலியைக் குறைத்தது. மீனவர் அதை ஏற்றது தக்க காரணங்களோடுதான்.

ஆனால் புதிய படகுக்கு வயிறு உண்டு. பொருள்களைக் கட்டாமல் அதனுள் போடலாம். அவ்வசதியோடு பழைய ஆபத்தும் திரும்பியது: வயிறு நிரம்பும். கண்ணாடியிழை நீரைவிடக் கனமானது. காற்றறையோ போதிய நுரையடைப்போ இல்லாவிட்டால், நீர் நிரம்பிய படகை எந்திரமும் சேர்ந்து கீழே இழுக்கும். கட்டுமரம் கவிழக்கூடும், அவிழக்கூடும். அதன் ஒரு தண்டாவது மிதந்துகொண்டிருக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இக்கடலைச் சூறையாடியபோது, பூந்துறை, விழிஞ்ஞம் முதல் தூத்தூர் வட்டாரம் வரை ஏராளமானோர் திரும்பவில்லை. அந்தக் கடலில் எந்தக் கலமும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. எனினும் கவிழ்ந்த கலத்தில் கைக்குப் பிடி உண்டா, மிதப்பு உண்டா, குடிநீர் கட்டப்பட்டிருக்கிறதா என்ற வினாக்கள் அன்று உயிர்வினாக்களாயின. கட்டுமரம் கட்டியோர் அவற்றை ஒவ்வொரு விடியலிலும் கேட்டுக்கொண்டே கடலில் இறங்கினர்.

இன்று பொழியூரின் கரையைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. மரத்தை அவிழ்த்து உலர்த்த மணலே மிஞ்சாத இடத்தில் கட்டும் கலையை யாரும் யாருக்கும் கற்பிக்க இயலாது. அருங்காட்சியகம் ஒரு கட்டுமரத்தைக் கூரையின் கீழ் காக்கலாம். அது காப்பது தண்டுகளையும் ஒரு முறை போட்ட முடிச்சையும்தான். கட்டும் கைகளின் அறிவு இரு மாநிலங்களின் முதியோரிடமும் இன்னும் எஞ்சியிருக்கிறது. அதைப் பதிவுசெய்யும் பணி எல்லைக்கோட்டில் நின்றுவிடலாகாது.