தட்டில் மூன்று நிமிடம், மேடையில் ஓர் இரவு

ஒரே பாட்டு மேடையில் ஒரு விதமாகவும் பதிவில் வேறு விதமாகவும் ஒலிப்பது கிராமபோன் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்தே தொடங்கிவிட்டது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க், பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். அடுத்த சில ஆண்டுகளில் தென்னாட்டுப் பாடகிகளும் பதிவுக் குழாயின் முன் அமர்ந்தார்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி ஆகியோரின் தட்டுகள் அந்தக் காலத்தவை. ஆக, தென்னாட்டில் முதன்முதலாகத் தட்டில் ஏறிய குரல்களில் சேலத்துக் குரலும் ஒன்று. அன்றைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியில், பாராமகால் என்று பழைய ஆவணங்கள் சொல்லும் நிலப்பரப்பில் இருந்த ஊர்தான் போச்சம்பள்ளி. அது 1965இல் தருமபுரி மாவட்டத்துக்கும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் போனது. ஆனால் அங்கே விடிய விடியப் பாடப்பட்டு வந்த கூத்துப் பாட்டுக்கும் கிராமபோனுக்கும் நெடுங்காலம் எந்த ஒட்டும் இல்லை.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் ஓடும். கச்சேரியில் அரைமணி நேரம் விரியும் ராகம் அதற்குள் அடங்கியாக வேண்டும். 1920களின் நடுவில் மின்பதிவு வரும்வரை மைக்கும் கிடையாது. குழாயை நோக்கி உரக்கப் பாடினால்தான் மெழுகில் கோடு விழும். மெல்லிய கமகங்கள் அதில் ஏறவில்லை. ஆலாபனை ஓரிரு பிடிகளாகச் சுருங்கியது, நிரவல் அநேகமாக மறைந்தது, கீர்த்தனை விரைந்து முடிந்தது. கோயில் வீதிகளில் மணிக்கணக்கில் தோடி வாசித்த நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை, தட்டில் அதே தோடியைச் சில நிமிடங்களில் முடித்திருக்கிறார். அந்தச் சுருக்கத்தைக் குறையென்று தள்ளிவிட முடியாது. எதைச் சொல்லாமல் விடலாம் என்று வித்வான்கள் கற்றுக்கொண்ட இடம் அது.

நாடகப் பாட்டில் இடைவெளி இன்னும் பெரிது. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த 'வள்ளி திருமணம்' போன்ற ஸ்பெஷல் நாடகங்களில் தர்க்கக் காட்சி எவ்வளவு நேரம் ஓடும் என்பது எதிரெதிரே நிற்கும் இரு நடிகர்களின் கெட்டிக்காரத்தனத்தையும், கொட்டகையிலிருந்து எழும் 'ஒன்ஸ்மோர்' குரலையும் பொறுத்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை எட்டப் பாடியவர்கள். கிட்டப்பா 1933இல் இளம் வயதிலேயே இறந்தார். இன்று அவரை அறிய மிஞ்சியிருப்பவை தட்டுகளே. அவற்றைக் கேட்பவர் கேட்பது அவர் பாட்டின் சாரத்தை மட்டும்தான். ஒன்ஸ்மோர் எந்தத் தட்டிலும் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் அளவுகோல் மேடைதான். கொட்டகையில் கேட்டதை நினைவுபடுத்திக்கொள்ளத்தான் தட்டு வாங்கினார்கள்.

சினிமா இந்த உறவைத் தலைகீழாக்கியது. 1938இல் 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடியபின், பாட்டு பிறக்கும் இடம் ஒலிப்பதிவுக் கூடமாக மாறத் தொடங்கியது. பலதடப் பதிவு வரும்வரை பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து பாடி வாசித்தார்கள். ஒருவர் பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வகையில் பழைய ரெக்கார்டும் ஒரு கச்சேரிதான். பல டேக்குகளில் தேறிய ஒன்று, அவ்வளவே.

ஆனால் கேட்பவர்களுக்கு அந்த ஒன்றே மூலமாகிவிட்டது. கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் மைக் செட்டுக்காரர் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் திரும்பத் திரும்ப ஒலித்து, இடையிசையில் புல்லாங்குழல் எங்கே நுழையும் என்பதுவரை ஊர் முழுக்க மனப்பாடம். 1980களில் கேசட் வந்ததும் பாட்டு வீட்டுக்குள்ளேயே குடியேறியது. இந்தக் காதுகளின் முன்தான் மெல்லிசைக் குழுக்கள் மேடையேறின. ஸ்டூடியோவில் ஒரு வரிசை வயலின்கள் வாசித்ததை இங்கே ஒரே கீபோர்டு ஈடுகட்ட வேண்டியிருந்தது. 'ரெக்கார்டு மாதிரியே பாடினான்' என்பதுதான் உச்சமான பாராட்டு. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தம் பாட்டையே மேடையில் புதுச் சங்கதி போட்டுப் பாடியபோது கைதட்டினார்கள். அதே சங்கதியை உள்ளூர்ப் பாடகர் போட்டால் தப்பு என்றார்கள். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராக வாசித்து வளர்ந்த இளையராஜாவே, பிற்காலத்தில் தம் கச்சேரிகளில் வாசிப்பு பிசகினால் நிறுத்தி, மறுபடி தொடங்கச் சொன்னதுண்டு. மேடையிலும் டேக் உண்டு என்று ஆகிவிட்டது.

மேல்நாட்டு ராக் இசையில் இந்த வழக்கு வேறு விதமாக முடிந்தது. பீட்டில்ஸ் குழு 1966இல் மேடைப் பயணங்களை நிறுத்திக்கொண்டு, கூடத்திலேயே கட்டக்கூடிய பாட்டுகளுக்குத் திரும்பியது. டீப் பர்ப்பிள் குழுவோ 1972 ஆகஸ்டில் ஜப்பானிய மேடைகளில் வாசித்ததைப் பதிந்து 'மேட் இன் ஜப்பான்' ஆக்கியது. ஸ்டூடியோ வடிவத்தைவிட நீண்டும் முரட்டுத்தனமாகவும் ஒலிக்கும் அதை, ரசிகர்கள் தனிப் படைப்பாகவே ஏற்றுக்கொண்டார்கள். தமிழ் மெல்லிசை மேடைக்கு அந்தச் சலுகை அநேகமாகக் கிடைக்கவில்லை.

கூத்துக்கு மட்டும் அந்தச் சலுகை தேவைப்படவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதத் திருவிழா பல நாள் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, முடிவில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் ஆகியவற்றோடு விருத்தமும் தருவும் வசனமும் மாறி மாறி வரும். வேடதாரி ஓர் அடியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். எத்தனை முறை என்பது ஆட்டத்தைப் பொறுத்தது. நடுவில் யாராவது அன்பளிப்பு கொடுத்தால் பாட்டு நிற்கும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன், கொடுத்தவரின் பேரையும் ஊரையும் சொல்லி வாழ்த்துவான். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடரும். அர்ச்சுனன் தபசில் நடிகர் உயர்ந்த தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து பூவும் எலுமிச்சம்பழமும் திருநீறும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். அந்தப் பாட்டின் நீளத்தை மரத்தின் உயரமும் கீழே நிற்கும் கூட்டமும்தான் தீர்மானிக்கும். எந்தத் தட்டிலும் அதற்கு இடமில்லை.

கூத்தைக் கேசட்டிலும் பதிந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரக் கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி. 'கர்ண மோட்சம்' முழு இரவு ஆட்டம். அடக்கப் பார்த்தால் முதலில் கழிவது திருப்பிப் பாடும் அடிகளும் கட்டியங்காரனின் உள்ளூர்க் கேலியும்தான். காலவரம்பில்லாத இணைய வீடியோ வந்தபின் அந்த நெருக்கடி போய்விட்டது. இப்போது வட மாவட்டக் கூத்துகளை இரவு முழுவதும் அப்படியே பதிந்து ஏற்றுகிறார்கள். ஒரே ஆட்டம் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நீளத்தில் பதிவாகியிருக்கிறது. கட்டியங்காரன் வாசிக்கும் அன்பளிப்புப் பட்டியலும் பாட்டோடு சேர்ந்தே கிடக்கிறது.