மண்ணின் நஞ்சை உயிரால் அறிதல்

மாசுற்ற மண்ணில் நஞ்சு எத்துணை உள்ளது என்பதை இரசாயனச் சோதனை அளந்து கூறும். அந்நஞ்சு உயிருக்கு என்ன செய்யும் என்பதையோ, நாம் உயிரைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது.

மண்புழுவின் தொண்டினை 1881-இல் டார்வின் தனி நூலாகவே எழுதினார். அப்புழுவையே சோதனைக்குக் கொள்ளும் முறையொன்றைப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனம் 1984 ஏப்ரலில் வகுத்தது. நூற்றுக்கு 70 பங்கு மணல், 20 பங்கு வெண்களிமண், 10 பங்கு மட்கிய பாசி கலந்து மண் ஆக்குவர். அதில் நஞ்சை அளந்து சேர்த்து, பத்துப் பத்துப் புழுக்களாக விட்டு, 14 நாளில் மாண்டவற்றை எண்ணுவர். மாசுற்ற நிலத்து மண்ணையும் பின்னர் இவ்வாறே சோதிக்கலாயினர். புழு பிழைத்ததனால் மனிதருக்குக் கேடில்லை என்று மட்டும் நாம் கொள்ளலாகாது.

அதே ஆண்டு டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தது. வாயு கலைந்தது, ஆலை வளாகத்து மண்ணில் கலந்த கழிவோ அங்கேயே தங்கிற்று. 1989-இல் அவ்விடத்து மண்ணையும் கழிவுநீரையும் மீன்களைக் கொண்டு சோதித்தபோது, எல்லா மாதிரிகளிலும் மீன்கள் முற்றும் மாண்டன என்று ஆலை நிறுவனத்தின் உள்ளறிக்கை கூறிற்று. அவ்வறிக்கை பல்லாண்டு வெளிவரவில்லை. வேலிக்கு அப்பால் குடியிருந்தோர் அக்காலமெல்லாம் அடிகுழாய் நீரையே இறைத்துக் குடித்து வந்தனர்.