தைராய்டு மருந்தும் அதன் அளவும்

மைசூரில் குடியேறிய நம்மவர் பலர் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை உட்கொள்ளக் காண்கிறோம். அச்சிறு மாத்திரையின் வரலாறு ஓர் ஆட்டு மந்தையிலிருந்து தொடங்குகிறது.

1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மருத்துவர் ஜார்ஜ் மர்ரி, தைராய்டு குன்றிய பெண்மணி ஒருவருக்கு ஆட்டுச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அவ்வம்மையார் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்; அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகள் வேண்டியிருந்தன! 1927இல் ஹாரிங்டனும் பார்ஜரும் தைராக்ஸினை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கினர். மைசூர் மருத்துவக் கல்லூரி அப்போது மூன்று வயதுக் குழந்தை. இருந்ததும் பெங்களூரில்தான், 1930இலேயே மைசூர் வந்தது.

மருந்து கிடைத்தது, அளவு பிடிபடவில்லை. நாடியையும் எடையையும் முகவீக்கத்தையும் கண்டே மருத்துவர் அளவைக் கணித்தனர். 1960இல் நியூயார்க்கின் யாலோவும் பெர்சனும், இரத்தத்திலுள்ள நுண்ணளவு இன்சுலினைக் கதிரியக்கத்தின் துணையால் அளக்கும் முறையை வெளியிட்டனர். 1965இல் அம்முறையால் டி.எஸ்.எச். அளக்கப்பட்டது. தைராய்டை ஏவுவதற்காகப் பிட்யூட்டரி சுரப்பது இது. தைராய்டு குன்றினால் ஏறும், மருந்து மிஞ்சினால் இறங்கும். நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உண்டுவந்தோர் பலர் தேவைக்கு மிஞ்சியே உண்டனர் என்பது அதன்பின் வெளிப்பட்டது. மிகை மருந்து இதயத்தைப் படபடக்கச் செய்யும். முதியோர் எலும்பை நலிவிக்கும்.

உடலிலுள்ள தைராக்ஸின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஆகவே அளவை மாற்றிய ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின்னரே மறுபரிசோதனை. கருவுற்ற மகளிர்க்கு நான்கு வாரம். விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று, மாற்றிய பத்தாம் நாளே இரத்தம் கொடுத்து, அந்த எண்ணைக் கண்டு தாமே மாத்திரையைக் கூட்டிக் குறைப்போர் நம்மிடையே உளர். மைசூர்ச் சீட்டு உடனிருந்தால், எந்த நாளில் எவ்வளவு மாற்றப்பட்டது என்பதையேனும் அவ்வூர் மருத்துவர் அறிவார்.