குலசைக் கரையும் வாண்டன்பெர்க் கரையும்: தெற்கு நோக்கிய ஏவுதளங்களின் வரலாறு

ராக்கெட் வரலாறு என்றால் எந்திரங்களும் விண்வெளி வீரர்களுமே பேசப்படுகிறார்கள். ஏவுதளத்துக்கு இடம் தேடிய கதை ஓரத்துக்குப் போய்விடுகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் (குலசை) இஸ்ரோவின் இரண்டாவது செயற்கைக்கோள் ஏவுதளம் ஏன் அமைகிறது என்பதற்கு விடை அந்தக் கதையில்தான் இருக்கிறது.

1926 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸ் பண்ணை ஒன்றில் ராபர்ட் கொடார்டின் திரவ எரிபொருள் ராக்கெட் சுமார் 12 மீட்டர் எழும்பியது. 1929இல் அவர் நடத்திய சோதனையின் சத்தம் அக்கம்பக்கத்தைக் கலங்கடிக்கவே, ஆளரவமற்ற நியூ மெக்ஸிகோவுக்குப் போனார். பாலைவனமும் போதவில்லை. 1947 மே 29 அன்று அங்குள்ள ஒயிட் சாண்ட்ஸில் கிளம்பிய ராக்கெட் திசை தவறி, எல்லை தாண்டி மெக்ஸிகோவில் விழுந்தது. 1950 ஜூலை 24 அன்று கேப் கனாவரல் கடற்கரையில் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. கிழக்கே திறந்த அட்லாண்டிக். பூமியின் சுழற்சி வேகமும் அந்தத் திசையில் கைகொடுக்கும்.

ஆனால் பூமி முழுவதையும் படம்பிடிக்கும் செயற்கைக்கோள் துருவங்களுக்கு மேலாகச் சுற்ற வேண்டும். அதைத் தெற்கே அல்லது வடக்கே செலுத்த வேண்டும். கனாவரலுக்குத் தெற்கே கியூபா கிடக்கிறது. 1960 நவம்பர் 30 அன்று கனாவரலிலிருந்து கிளம்பிய ராக்கெட்டின் துண்டுகள் கியூபாவில் விழுந்தன. தெற்கே தடையில்லாத கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க்கிலிருந்து, அதற்கு முன்பே 1959 பிப்ரவரி 28 அன்று, துருவப் பாதைக்கான டிஸ்கவரர்-1 ஏவப்பட்டிருந்தது. ஒரு நாட்டுக்கு இரண்டு கரை தேவைப்பட்டது இப்படித்தான்.

இந்தியாவும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று, காந்தநடுக்கோட்டை ஒட்டிய தும்பாவில் அமெரிக்க நைக்-அப்பாச்சி ராக்கெட் எழும்பியது. ஆலயத்தையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்தவர்கள் அங்கிருந்த மீனவர்கள். செயற்கைக்கோளுக்குக் கிழக்குக் கரை வேண்டும் என்பதால் ஸ்ரீஹரிகோட்டா வந்தது. 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அங்கே தெற்கே இலங்கை. துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், தீவைச் சுற்றிக் கடந்தபின் தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்குச் செலவாகும் ஆற்றல், சுமக்கும் எடையைக் குறைக்கிறது. பெரிய ராக்கெட் இதைத் தாங்கும். 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் கொண்டு, 500 கிலோ வரை சுமக்கக்கூடிய சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு இது பேரிழப்பு.

குலசையிலிருந்து நேர் தெற்கே அன்டார்க்டிகா வரை கடல்தான். இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது. மகேந்திரகிரி உந்துவிசை வளாகமும் தொலைவில் இல்லை. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. டிஸ்கவரருக்குச் சரியாக 65 ஆண்டுகள் கழித்து. அன்றே ஓர் ஆர்.எச்.-200 ஆய்வு ராக்கெட்டும் அங்கிருந்து பறந்தது. ஸ்ரீஹரிகோட்டாவின் பக்கத் துணையாகக் குலசையைப் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. கனாவரலுக்கு வாண்டன்பெர்க் எதுவோ, ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் குலசை அது.

வரைபடத்தில் வெறுங்கடலாகத் தெரிவது முத்துக்குளித்துறை மக்களுக்குப் பிழைப்பு. மணப்பாடு, ஆலந்தலை நாட்டுப்படகுகள் நாள்தோறும் வலை போடும் இடம். அரசு கடலுக்கு நாள் குறிப்பது இவர்களுக்குப் புதிதல்ல. முத்துப்பாரைச் சோதித்து, சிப்பி விளைந்திருந்தால் தேதி அறிவித்துத்தான் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்தது. ஏவும் நாளையும் விலக்கப்படும் கடற்பரப்பையும் அதேபோல் முன்கூட்டியே ஊர்க் கமிட்டிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழில் போகாத நாளுக்கு இழப்பீடும் தர வேண்டும். முதல் எஸ்.எஸ்.எல்.வி. குலசையில் எழும்புவதற்கு முன் இந்த இரண்டையும் அரசு எழுத்தில் உறுதி செய்யட்டும்.