தாத்தாவின் சேணமும் நான் வகுப்பில் சொன்ன பொய்யும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வருஷா வருஷம் கோட்டை மியூசியத்துக்குக் கூட்டிப் போவேன். பஸ் தீவுத்திடல் பக்கம் வந்ததும், "மன்றோ சிலையில என்ன இல்ல, சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்பேன். "சேணம் இல்ல டீச்சர்! கால் வைக்கிற அங்கவடி இல்ல டீச்சர்!" என்று மொத்த பஸ்ஸும் கத்தும். சிற்பி மறந்துபோய்விட்டார், அந்த அவமானத்தில் உயிரை விட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதை நம்பாதீர்கள் என்றும் சொல்வேன். 1839இல் இங்கே நிறுவப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் சேணமோ அங்கவடியோ கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வேன். "எங்க தாத்தா குதிரைப் படையில இருந்தவர். பஸ்ரா வரைக்கும் போய் வந்தவர். அவர் ஏறி உட்கார்ந்த சேணம் இன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு." உங்கள் கண்கள் எல்லாம் விரியும். எனக்கும் பெருமையாக இருக்கும். முப்பது வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை என்று இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் திருத்தத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது சேணத்தைக் கீழே இறக்கினோம். பழைய ஆட்கள் இதை ஜீனி என்பார்கள். "டீக்குப் போடற ஜீனியா அத்தை?" என்று கேட்ட என் தம்பி மகனுக்கு, சாக்கைப் பிரித்துப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. பாலிஷ் போட்டு, புது வார் தைத்து, அவன் ஆபீஸ் சுவரில் மாட்ட வேண்டுமாம். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

ஆனால் சேணம் இருந்த நிலை வேறு. தொட்டால் விரலில் செங்கல் பொடி மாதிரி ஒட்டியது. ஒரு பக்கத் தோல் மட்டும் கன்னங்கரேல் என்று பிசுபிசுத்தது. அது என் கைங்கரியம். இருபது வருஷத்துக்கு முன்னால் "தோலுக்கு எண்ணெய் நல்லது" என்று தேங்காயெண்ணெயை வழிய வழியத் தடவி வைத்தேன். பூஞ்சை பிடித்ததுதான் மிச்சம்.

பெரியமேட்டில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிற பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பார்த்த உடனே, "டீச்சர், எண்ணெய், தண்ணி, சோப்பு எதுவும் காட்டாதீங்க. இது ரெட் ராட்" என்றான்.

என்ன என்று கேட்டேன். எனக்கே பாடம் எடுத்தான். ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் காற்றில் இருக்கும் கந்தக டை ஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சும். அது தோலுக்குள்ளேயே கந்தக அமிலமாகி நாரை அறுத்துவிடும். ஒரு காலத்தில் லண்டன் நூலகங்களில் எரிவாயு விளக்குப் புகையால் புத்தகங்களின் தோல் அட்டைகள் இப்படித்தான் பொடிப்பொடியாக உதிர்ந்தன. நிலக்கரியும் டீசலும் எரிகிற காற்றில், கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில், கல்மண்டபத்தில் எண்பது வருஷம் கிடந்த தோல் என்ன ஆகும்? நம் நுரையீரலைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை.

வேலை மூன்று மாதம் நடந்தது. முதலில் மிருதுவான பிரஷ்ஷால் தூசி மட்டும். பிறகு ஹைட்ராக்ஸி புரொப்பைல் செல்லுலோஸ் என்ற பசையை ஆல்கஹாலில் கரைத்து மெல்லிசாகப் பூசினான். தண்ணீரில் கரைத்தால் இந்த மாதிரித் தோல் கறுத்து விறைத்துவிடுமாம். ஆல்கஹால் பறந்துபோகும், பசை மட்டும் உள்ளே தங்கிப் பொடியைப் பிடித்துக்கொள்ளும். இழந்த பலம் திரும்பாது, உதிர்வது நிற்கும், அவ்வளவுதான். இரும்புத் துருவைக் கம்பி பிரஷ் போடாமல் மெதுவாகத் தேய்த்து எடுத்து மெழுகு பூசினான். இரும்பு பட்ட இடத்திலெல்லாம் தோல் கறுத்திருந்தது. இதற்கு மட்டும் நான் விளக்கம் சொன்னேன். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்தால் மை வருமே, அதே ரசாயனம்தான். பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. நானும் டீச்சர்தானே!

இப்போது சேணத்தைப் பற்றி. தோலில் மங்கலாக ஓர் அம்பு முத்திரையும் அதன் கீழே 'ஐ' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கின்றன. அது இந்திய அரசின் ராணுவச் சொத்து என்பதற்கான அடையாளம். அமைப்பு, பிரிட்டிஷ் ராணுவம் 1890, 1902, 1912 என்று திருத்தித் திருத்திக் கொண்டுவந்த 'யுனிவர்சல் பேட்டர்ன்' வகை. முன்னும் பின்னும் இரும்பு வளைவு. இரண்டையும் இணைத்து இரு பக்கமும் நீளமான மரப் பலகைகள். நடுவில் குதிரையின் முதுகெலும்புக்கு மேலே வெறும் இடைவெளி. வீரனின் எடை எலும்பில் விழாமல் இரு பக்கச் சதையில் பரவ வேண்டும். மொத்த சூட்சுமமும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஆள், துப்பாக்கி, தோட்டா, போர்வை, தீவனம் எல்லாம் சேர்த்து ஒரு படைக்குதிரை சுமார் 120, 130 கிலோ சுமந்தது. படையெடுப்பில் தீனி குறையும், குதிரை மெலியும். பெங்களூரில் அளவாகப் பொருந்திய சேணம் பஸ்ராவில் பொருந்தாது. ஒரு விரல் அகலம் இறங்கினால் போதும், முதுகில் புண். புண் வந்தால் அந்தக் குதிரை வாரக் கணக்கில் உதவாது, வீரன் நடராஜா சர்வீஸ்தான். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை இழந்தது. துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவை அதில் கொஞ்சம்தான். பசி, நோய், ஓய்வில்லாத வேலை ஆகியவைதான் பெரும்பாலானவற்றைக் கொன்றன. பிரெட்ரிக் ஸ்மித் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் சேணத்தையும் முதுகுப் புண்ணையும் பற்றி மட்டுமே 1891இல் ஒரு கையேடு எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிரை நம் ஊர்ப் பிராணி இல்லை. பட்டினப்பாலை காலத்திலேயே கடல் வழியாகத்தான் வந்தது. பாண்டியர்கள் அரபு நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் வரவழைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் 1824இல் ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் பண்ணை வைத்துப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. 1830களிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து கப்பல் கப்பலாக வந்தன. அதனால்தான் அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர்.

அவை வந்து இறங்கிய கரை நம் கரைதான். அப்போது துறைமுகம் கிடையாது. அதைக் கட்டும் வேலையே 1870களில்தான் தொடங்கியது. கப்பல் தூரத்தில் நிற்கும். ஜே. பி. ஈஸ்ட் என்பவர் 1834 வாக்கில் வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்று சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் இருக்கிறது. சென்னையில் ஆஸ்திரேலியக் குதிரைகளை இறக்கும் காட்சி. குதிரைகளோடு நம் கட்டுமரங்களும் மசூலா படகும் இருக்கின்றன. மசூலா படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு இந்த அலையில் மோதி உடைந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகள்தான் ராயபுரம் புனித பேதுரு தேவாலயத்தைக் கட்டியவர்கள். தினமும் அதைத் தாண்டிப் போகிறோம்.

தோலும் நம் பக்கத்துச் சமாசாரமே. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த மாட்டுத்தோல், 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் லண்டன் சந்தையில் விலைபோனது. முதல் உலகப் போரில் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டும் என்று 1916இல் அரசாங்கமே அந்த ஏற்றுமதியைக் கையில் எடுத்துக்கொண்டது. சேணம் தைக்கிற பெரிய அரசுத் தொழிற்சாலை கான்பூரில் இருந்தது. ஆனால் தைத்த சேணத்தைக் குதிரையின் முதுகுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டே இருக்க ஒவ்வொரு படைப்பிரிவோடும் ஆட்கள் போனார்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

சேணத்தின் இடது பக்கம் வயிற்றுவார் கோக்கிற பட்டை மட்டும் பிற்காலத்தில் மாற்றித் தைத்தது. தம்பி மகன் "இந்த ஒட்டுத் துண்டை எடுத்துட்டு ஒரே மாதிரி புதுசு போட்டுடலாம்" என்றான். என் மாணவன் பதில் சொல்லாமல், அவன் அப்பாவைக் கூட்டி வந்தான். எழுபத்தைந்து வயது, ஆயுள் முழுக்கத் தோல் தைத்தவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரலால் தடவிப் பார்த்தே பேசினார். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைந்து வரும். ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல் விடாது. மெஷின் தையல் அப்படி இல்லை, ஒன்று அறுந்தால் பிரிய ஆரம்பித்துவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "பழைய தையல் ஒரு பக்கம் சாயுது, இது மறுபக்கம் சாயுது. இது எடக்கை ஆளு தச்சதும்மா. நல்லா வேலை தெரிஞ்ச ஆளு" என்றார்.

திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் அத்தைக்குப் போன் போட்டேன். எண்பத்தெட்டு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். "தாத்தா எடக்கைக்காரரா அத்தை?"

"சாப்பிடறது வலக்கை. தைக்கிறது எடக்கை."

"தைக்கிறதா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள். "அவரு குதிரை மேல ஏறினதே இல்லடி. குதிரைன்னாலே அவருக்குப் பயம். பட்டாளத்துல சேணம் தைக்கிற வேலை. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ, குதிரைப் பட்டாளத்துக்காரருன்னு மட்டும் சொல்லு, மீதி வேண்டாம்னு எங்கம்மாதான் சொன்னா. தோல் வேலைன்னா யாரு வாசல்படி ஏறுவான் அப்போ?"

மறுநாளே ஆட்டோ பிடித்துப் போனேன். டிரங்குப் பெட்டியிலிருந்து தாத்தாவின் டிஸ்சார்ஜ் பேப்பரை எடுத்துக் கொடுத்தாள். தொழில் என்ற இடத்தில் 'சேட்லர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. சேணம் தைப்பவர். இந்தச் சேணமும் அவர் பட்டாளத்திலிருந்து கொண்டு வந்தது இல்லையாம். 1938க்குப் பிறகு குதிரைப் படைகள் ஒவ்வொன்றாக மோட்டார் வண்டிக்கு மாறியபோது பழைய சேணங்கள் கழித்துக் கட்டப்பட்டன. அதில் ஒன்றை மூர் மார்க்கெட்டில் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். மூன்று ரூபாயோ நாலு ரூபாயோ. வீட்டில் அரிசிக்கே தட்டுப்பாடு. பாட்டி ஒரு வாரம் பேசவில்லையாம். அவர் பாட்டுக்குத் திண்ணையில் உட்கார்ந்து, அறுந்திருந்த பட்டையை எடுத்துவிட்டுப் புதிதாகத் தைத்தார். வீட்டில் குதிரை ஏது? அதை நானும் கேட்டேன். "யாருக்குத் தெரியும், கை சும்மா இருக்காது அவருக்கு" என்றாள் அத்தை.

இடக்கைத் தையலை மட்டும் வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அத்தை கண்ணால் பார்த்தவள், காகிதமும் இருக்கிறது.

உறவுகளில் சிலருக்கு இதைப் படித்துவிட்டுக் கோபம் வரும். "இப்ப எதுக்கு இதெல்லாம் பேஸ்புக்ல?" என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். யாரையும் சங்கடப்படுத்த எழுதவில்லை. பாட்டி சொன்ன பொய்யையும் நான் தப்புச் சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவளுக்கு வேறு வழி இல்லை. என் கணக்கு வேறு. தாத்தாவைக் குதிரையில் ஏற்றி உட்கார வைத்து முப்பது வருஷம் நான் பெருமைப்பட்டேன். அதே வகுப்பில் மூன்றாவது பெஞ்சில்தான் இந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். விஷயத்தை அவனிடம் சொன்னபோது சிரித்தான்.

"நீங்க ஒவ்வொருத்தரையா எழுப்பி அப்பா என்ன வேலைன்னு கேப்பீங்களே டீச்சர், ஞாபகம் இருக்கா? நான் 'கம்பெனியில கிளார்க்'னு சொன்னேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. ரிஜிஸ்டரில் கிளார்க் என்றுதான் எழுதியிருப்பேன். அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பட்டையை எடுக்கவில்லை. நூல் இற்றுப்போன நான்கு அங்குலத்தில் மட்டும், பழைய துளைகளிலேயே, மெழுகு நூலால் பெரியவர் தைத்துக் கொடுத்தார். புதிய துளை ஒன்றுகூடப் போடவில்லை. என் தேங்காயெண்ணெய்க் கறை போகவில்லை, போகவும் போகாதாம். பாலிஷ் கிடையாது. தம்பி மகன் ஆபீஸ் சுவருக்கும் கிடையாது, ஆணியில் தொங்கவிட்டால் எடை தாங்காமல் தோல் கிழியும். மரத்தில் குதிரை முதுகு மாதிரி ஒரு தாங்கி செய்யச் சொல்லியிருக்கிறேன். பணம் அவன்தான் கொடுக்கிறான், நல்ல பிள்ளை.

அதுவரை சேணம் கூடத்தில் தலையணை மேல் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள். கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் இறங்கிப் போன் செய்தால் வழி சொல்கிறேன். மோர் உண்டு. தொட மட்டும் விடமாட்டேன்.