தம்பி: யாருடைய தம்பி?

சகோதரன் என்னும் வடசொல்லைப் பிரித்தால் ஒரே உதரத்தில், அதாவது ஒரே வயிற்றில், பிறந்தவன் என்ற அர்த்தம் கிடைக்கும். 'உடன்பிறந்தான்' என்பதும் ஏறக்குறைய அதுவே. ஆனால், நாள்தோறும் நாம் வாய் நிறைய வழங்கும் 'தம்பி' என்ற சொல்லோ, வயிற்றைப் பற்றி ஒன்றும் பேசாமல், யாருக்குப் பின் வந்தவன் என்பதை மாத்திரம் சொல்லி நிற்கிறது.

'தம்' என்பது 'தாம்' என்பதன் திரிபு. 'பி' என்பது 'பின்' என்பதோடு சம்பந்தமுடையது. தமக்குப் பின் வந்தவன் தம்பி. முன் வந்தவன் தம்முன். பழந்தமிழர் உறவுப் பெயரை உறவுக்கு உரியவரோடு பிணைத்தே வழங்கினர் என்பது இங்கே விசேஷம். என் தந்தை எந்தை, உன் தந்தை நுந்தை, பிறர் தந்தையே தந்தை; அவ்வாறே யாய், ஞாய், தாய். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் பாட்டுத் தொடங்கும்போதே யாயும் ஞாயும் எதிரெதிரே நிற்கக் காண்கிறோம். அம்முறைப்படி என் பின்னவன் எம்பி; உன் பின்னவன் உம்பி; பிறன் பின்னவனுக்கே தம்பி என்று பெயர்.

இவ்வழக்கின் முழு அழகையும் கம்பரிடம் காணலாம். மார்பில் அம்பு தைத்துக் கிடக்கும் வாலி, தன்னைக் கொல்விக்கத் துணைநின்ற சுக்கிரீவனுக்காகவே இராமனிடம் வரம் வேண்டுகிறான்: தமையனைக் கொல்வித்தவன் என்று இவனை நின் இளையோர் இகழ்ந்தால் நீ தடுத்தல் வேண்டும் என்பது அவன் விண்ணப்பம். அச்செய்யுளில் 'எம்பி' என்ற சொல்லும் 'உம்பிமார்' என்ற சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. பகையெல்லாம் அற்றுப்போன அந்நிலையில், 'இவன் என்னுடையவன்' என்று வாலி உரிமை கொண்டாடுவதற்கு 'எ' என்ற ஓர் எழுத்தே போதுமாயிற்று.

பிற்காலத்தில் எம்பியும் உம்பியும் வழக்கொழிந்தன. தம்பி ஒன்றே தங்கிற்று. 'என் தம்பி' என்று நாம் சொல்லும்போது ஒருவனுக்கு இரண்டு உடையவர்களைச் சேர்த்துவிடுகிறோம். தெலுங்கில் தம்முடு, கன்னடத்தில் தம்ம என வழங்கும் இச்சொல், திருவிதாங்கூரில் அரசரின் நாயர் மனைவியருக்குப் பிறந்த ஆண்மக்களுக்குப் பட்டமாகவும் உயர்ந்தது.

என் தாயார் தாம் பெற்ற இளைய மகனைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. இரவில் பழைய சோற்றை மோர்விட்டுப் பிசைந்து, என் கையில் ஓர் உருண்டை வைத்துவிட்டு, அடுத்த உருண்டையைப் பிடித்தபடியே, "தம்பி வந்துட்டானா?" என்று திண்ணைப் பக்கம் பார்ப்பார். மகனைத் தாய் எவ்வாறு தம்பி என்னலாம் என்று வெகுகாலம் கழித்து யோசித்தேன். அந்தத் 'தம்' மூத்தவனாகிய என்னையே குறித்தது.