சிறைக்குள்ளிருந்து போன கிறிஸ்துமஸ் பரிசு

கிறிஸ்துமஸ் என்றதும் கேக், நட்சத்திர விளக்கு, புதுத்துணி, கிறிஸ்துமஸ் தாத்தா... இவைதான் நினைவுக்கு வரும். சிறைச்சாலை யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் பண்டிகைக் காலத்தில் கைதிகளைத் தேடிப் போகும் வழக்கம் மேற்கு நாடுகளில் நெடுங்காலமாகவே உண்டு. அந்த வழக்கத்தை 1982ல் அமெரிக்காவில் ஒரு பெண் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். அவர் பாதிரியார் அல்ல, பேராசிரியரும் அல்ல. கொள்ளையடித்து மாட்டிக்கொண்டு, சிறையில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர்!

அவர் பெயர் மேரி கே பியர்ட். அவர் தொடங்கிய திட்டத்தின் பெயர் 'ஏஞ்சல் ட்ரீ', அதாவது தேவதை மரம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பது கிறிஸ்தவத்தில் ஒரு கடமையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், பசித்தவருக்கு உணவு கொடுப்பதற்கும் நோயாளியை விசாரிப்பதற்கும் சமமாக இதுவும் வருகிறது. 1813ல் லண்டன் நியூகேட் சிறைக்குப் போன எலிசபெத் ஃப்ரை, அங்கே தாய்மார்களோடு அடைபட்டுக் கிடந்த குழந்தைகளுக்குத் துணிகள் கொண்டு போனார். 1817ல் அந்தப் பெண் கைதிகளுக்காக ஒரு சங்கமே தொடங்கினார்.

அதே நூற்றாண்டில் இதற்கு நேர் எதிரான ஒரு யோசனையும் வளர்ந்தது. கைதியைத் தனியே அடைத்து வைத்தால் அவன் தன் பாவத்தை நினைத்துத் திருந்துவான் என்பதுதான் அது. 1829ல் பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில், தொடக்க காலத்தில், குடும்பத்தாரிடமிருந்து கடிதம்கூட வரக் கூடாது. மனைவி, பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் ஆண்டுக் கணக்கில் இருக்க வேண்டும்.

1842ல் இந்தச் சிறையைப் பார்த்துவிட்டு வந்த சார்லஸ் டிக்கன்ஸ், இது உடலை வதைப்பதைவிடக் கொடுமை என்று கடுமையாக எழுதினார். அவருடைய தந்தையே 1824ல் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருந்தவர்தான். அடுத்த ஆண்டு டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில், ஏழைகளுக்காக நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் கஞ்சன் ஸ்க்ரூஜ், அதற்குத்தான் சிறைச்சாலைகள் இருக்கின்றனவே என்பதுபோலக் கேட்கிறான். அன்றைய சமூகத்தின் மனநிலையை அந்த ஒரு கேள்வியில் காட்டிவிட்டார் டிக்கன்ஸ்.

பின்னாளில் இந்தக் கடுமை குறைந்தது. பண்டிகை நாளில் பாட்டு, பிரார்த்தனை, நல்ல சாப்பாடு, சின்னச் சின்னப் பரிசுகள் எல்லாம் சிறைக்குள் வந்தன. நல்ல விஷயம்தான். ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒன்று மாறவே இல்லை. வெளியே இருப்பவர் கொடுப்பவர், உள்ளே இருப்பவர் வாங்குபவர்.

சோப்பும் ஷாம்புவும்

மேரி கே பியர்ட் வன்முறை நிறைந்த ஒரு வீட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறியவர். பெட்டகங்களை உடைப்பதில் கைதேர்ந்தவராகி, வங்கிக் கொள்ளை வரைக்கும் போனார். 1972ல் பிடிபட்டார். அலபாமா மாநில நீதிமன்றம் விதித்த தண்டனை 21 ஆண்டுகள்.

அவர் அடைக்கப்பட்ட இடம் வெட்டம்ப்கா என்ற ஊரில் உள்ள ஜூலியா டட்வைலர் பெண்கள் சிறை. கைதிகளின் நிலை மேம்படப் போராடியதால் 'சிறைகளின் தேவதை' என்று அழைக்கப்பட்ட ஓர் ஆசிரியையின் பெயர் அது. தேவதை மரத்தின் விதை விழுந்ததும் அந்தச் சிறையில்தான் என்பது ஒரு விசித்திரமான பொருத்தம்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தேவாலயக் குழுவினர் வந்து கைதிகளுக்கு சோப்பு, பற்பசை, ஷாம்பு போன்ற சிறு பொருட்களைக் கொடுப்பார்கள். மேரி கே ஒன்றைக் கவனித்தார். பிள்ளைகள் உள்ள பெண்கள் பலர் அவற்றைப் பயன்படுத்துவதே இல்லை. பத்திரமாகச் சேர்த்து வைப்பார்கள். ஒருவருக்கொருவர் பண்டமாற்றும் செய்துகொள்வார்கள். பிறகு கிடைத்த காகிதத்தில் அழகாகச் சுற்றி வைத்து, கிறிஸ்துமஸை ஒட்டிப் பார்க்க வரும் தங்கள் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள்.

ஒரு சோப்புக் கட்டி! வெளியே எந்தக் குழந்தையும் அதைப் பரிசாக மதிக்காது. ஆனால் அந்தக் குழந்தைகள் துள்ளிக் குதித்து அம்மாவைக் கட்டிக்கொள்வார்களாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிதில்லை. அது அம்மா கொடுத்தது, அவ்வளவுதான்.

தீபாவளிக்குப் பிள்ளைக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்க முடியாத ஒரு தகப்பன் எப்படித் தவிப்பான் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தவிப்புதான் அங்கே சோப்புக் கட்டியாக மாறியிருந்தது.

இரண்டு மால்கள், 556 குழந்தைகள்

சிறையிலேயே கல்லூரிப் படிப்பைத் தொடங்கிய மேரி கே 1978ல் விடுதலை ஆனார். 1982ல் 'பிரிசன் ஃபெலோஷிப்' என்ற அமைப்பில் அலபாமா மாநிலப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். இந்த அமைப்பை 1976ல் தொடங்கியவர் சார்லஸ் கோல்சன். அவரும் ஒரு முன்னாள் கைதிதான்! அதிபர் நிக்சனின் ஆலோசகராக இருந்து, வாட்டர்கேட் விவகாரம் வெடித்தபோது 1974ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏழு மாதம் சிறையில் இருந்தவர். 2012ல் காலமானார்.

கிறிஸ்துமஸுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று அமைப்பு கேட்டதும், மேரி கேக்கு டட்வைலர் சிறையின் சோப்புக் கட்டிகள் நினைவுக்கு வந்தன. கைதிகளுக்குப் பரிசு கொடுப்பதற்குப் பதிலாக, கைதிகள் தங்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க உதவினால் என்ன?

பர்மிங்காம், மாண்ட்கோமரி ஆகிய இரு நகரங்களிலும் ஆளுக்கொரு ஷாப்பிங் மாலில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கப்பட்டது. பெண் குழந்தைக்குச் சிவப்பு, ஆண் குழந்தைக்குப் பச்சை என்று காகிதத்தில் தேவதைகளை வெட்டி, கைதிகளின் பிள்ளைகள் பெயரை எழுதித் தொங்கவிட்டார்கள். கடைக்கு வருபவர்கள் ஒரு தேவதையை எடுத்துக்கொண்டு, அந்தக் குழந்தைக்கான பரிசை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

யார் எடுக்கப் போகிறார்கள் என்ற சந்தேகம் இருந்திருக்கும். ஆறே நாட்களில் எல்லாத் தேவதைகளும் தீர்ந்துபோயின! சிறைக்கு மீண்டும் தொடர்பு கொண்டு இன்னும் பெயர்கள் வாங்க வேண்டியதாயிற்று. அந்த முதல் ஆண்டில் 556 குழந்தைகளுக்குப் பரிசு போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு திட்டம் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

(இதே பெயரில் இரட்சணிய சேனை நடத்தும் திட்டம் வேறு. அது 1979ல் வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்டது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதுண்டு.)

பரிசின் மேல் யார் பெயர்?

திட்டத்தின் உயிர்நாடியே இதுதான். காசு கொடுத்து வாங்குபவர் யாரோ ஒரு முகம் தெரியாத மனிதர். ஆனால் பரிசுப் பொட்டலத்தின் மேல் அவர் பெயர் இருக்காது. "அப்பாவிடமிருந்து" அல்லது "அம்மாவிடமிருந்து" என்றுதான் இருக்கும்.

நடைமுறை எளிது. சிறையில் இருக்கும் தாயோ தந்தையோ ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறார். குழந்தைக்குச் சொல்ல விரும்பும் இரண்டு வரியையும் எழுதலாம். தன்னார்வலர் ஒருவர் குழந்தையை வளர்க்கும் பாட்டியையோ உறவினரையோ தொடர்பு கொண்டு, சம்மதம் கேட்டு, குழந்தைக்கு என்ன தேவை என்று விசாரிக்கிறார். பிறகு பரிசு வீட்டுக்குப் போகிறது.

வாங்கியவர் தன் பெயரை விட்டுக்கொடுக்கிறார். அதனால் ஒரு கைதி, வருடத்தில் ஒரு நாளாவது, கையேந்துபவராக இல்லாமல் கொடுப்பவராக ஆகிறார். அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்திருந்த குழந்தைக்கு, அவர் மறக்கவில்லை என்று தெரிகிறது.

இதன் அவசியம் பின்னாளில் இன்னும் கூடியது. அமெரிக்க மாநில, மத்தியச் சிறைகளில் 1980ல் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர் இருந்தனர். 2000ல் அது 13 லட்சத்தைத் தாண்டியது. அமெரிக்க நீதித்துறையின் கணக்குப்படி, 1999ல் சுமார் 15 லட்சம் குழந்தைகளின் தாயோ தந்தையோ சிறையில் இருந்தார். மாநிலச் சிறைகளில் இருந்த பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள், சிறைக்கு வந்த பிறகு பிள்ளைகளை ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை என்று சொன்னார்கள். பலருடைய வீடு 100 மைலுக்கு அப்பால். சோப்புக் கட்டியைக் கையில் கொடுக்கக்கூட வாய்ப்பில்லாதவர்கள் அவர்கள்.

இது போதுமா?

போதாது. இந்தத் திட்டத்தின் மீது விமர்சனங்களும் வைக்கலாம். இது ஒரு மதப் பிரசார அமைப்பு நடத்துவது. பரிசோடு சேர்ந்து மதச் செய்தியும் போகிறது. அதை விரும்பாத குடும்பங்களும் உண்டு. டிசம்பரில் ஒரு பொம்மை வந்துவிட்டால் மற்ற பதினோரு மாதங்கள் சரியாகிவிடாது.

இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. தேவதை மரத்துக்கு விதை போட்ட அதே டட்வைலர் சிறையில், பெண் கைதிகள் ஊழியர்களாலேயே பாலியல் கொடுமைகளுக்கு ஆளாகி வந்தனர் என்று 2014ல் அமெரிக்க நீதித்துறை தன் விசாரணை முடிவில் அறிவித்தது. பண்டிகைக் கால அன்பு, சிறைக்குள் நடக்கும் அநியாயத்தைக் கேட்கும் கடமையிலிருந்து யாரையும் விடுவித்துவிடாது.

ஆனாலும் மேரி கே கண்டுபிடித்த விஷயம் சிறியதல்ல. எலிசபெத் ஃப்ரை காலத்திலிருந்தே, கைதிக்கு என்ன கொடுக்கலாம் என்றுதான் நல்ல மனிதர்கள் யோசித்து வந்தார்கள். உள்ளே இருந்து பார்த்த ஒருவருக்குத்தான், கைதியிடமிருந்து பறிபோனது கொடுக்கும் உரிமை என்பது புரிந்தது. அடுத்த முறை யாருக்காவது உதவும்போது, அந்தப் பொட்டலத்தின் மேல் யார் பெயரை எழுதுவது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்களேன்!